கோடோவுக்குப் பெயர் வைக்காதீர்கள்

வாழ்வின் பொருளின்மையைக் காட்டும் அபத்த நாடகம் பழகவரும் மாணவர்கள் முதல் நாளே கேட்பார்கள்: "சேர், கோடோ எண்டால் ஆர்?" சாமுவேல் பெக்கெட்டின் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' நாடகத்தில், இரண்டு பேர் கடைசிவரை காத்திருந்தும் வராத ஆள்தான் கோடோ. திருகோணமலையில் விடைக்குப் பஞ்சமில்லை. சமாதானம், அரசியல் தீர்வு, வெளிநாடு என்று பிள்ளைகளே அடுக்கிவிடுவார்கள்.

நானும் ஒருமுறை அப்படியொரு விடையோடுதான் பெக்கெட்டின் நாடகத்தை நெறியாள்கை செய்யத் தொடங்கினேன். மேடையிலுள்ள மொட்டை மரத்தில் வெறும் படச்சட்டங்களைத் தொங்கவிட்டேன். காணாமல் ஆக்கப்பட்டோரின் படங்களோடு உறவினர் வீதியில் நிற்பதைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. யாருக்கும் விளக்கம் தேவைப்படாது என்று நினைத்தேன். ஒத்திகை பார்க்க வந்தவர்களில் மகனைத் தேடும் ஓர் அம்மா இருந்தார். முடிந்ததும் என்னிடம் வந்து, "தம்பி, இவையளுக்கு ஆருக்காக நிக்கிறம் எண்டே தெரியேல்லை. எனக்குத் தெரியும்தானே" என்றார்.

அன்றிரவு எழுத்துருவைத் திரும்ப வாசித்தேன். காத்திருக்கும் அந்த இருவருக்கும் கோடோவின் முகமே சரியாகத் தெரியாது. வழியால் வரும் பொசோ என்பவனைக் கண்டதும் அவனையே கோடோ என்று நினைக்கிறார்கள். அம்மாவிடமோ பெயர், பிறந்த திகதி, கடைசியாகப் போட்டிருந்த சட்டையின் நிறம்கூட இருக்கிறது. அவர் காத்திருப்பு நீள்வதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அதை அபத்தம் என்று மேடையேற்றினால் அவர்கள் சத்தமில்லாமல் தப்பிவிடுவார்கள்.

ஊரார் ஒவ்வொருவராகக் காண்டாமிருகமாக மாறும் இயனெஸ்கோவின் 'காண்டாமிருகம்' நாடகம் வேறு விதமாகக் கெடுகிறது. 1930களின் ருமேனியாவில் தன் நண்பர்களே பாசிசத்தின் பக்கம் சாய்ந்ததைக் கண்டவர் அவர்; நாடகம் 1959இல் மேடையேறியது. நம்மில் சிலர் விலங்கின் கொம்புக்கு ஒரு கட்சியின் நிறத்தைப் பூசிவிடுகிறார்கள். கைதட்டல் கிடைக்கும், ஏனென்றால் மாறியது யாரோ மற்ற ஆள். ஆனால் நாடகத்தின் உயிர் ழான் மாறும் காட்சியில் இருக்கிறது. கதாநாயகனுக்கு ஒழுக்கம் சொல்லித்தந்த நெருங்கிய நண்பன், கண் முன்னாலேயே குரல் கரகரத்து, தோல் பச்சையாகி விலங்காகிறான். நிறம் பூசிய கொம்போடு அந்தப் பயம் வராது.

நேரே பேச முடியாத காலத்தில் உருவகம் நமக்குக் குடை பிடித்தது. அதை நான் மறக்கவில்லை. ஆனால் உருவகத்துக்கு நாம் பெயர் வைக்கத் தேவையில்லை. 1957இல் அமெரிக்காவின் சான் குவென்டின் சிறையில் ஏறத்தாழ 1,400 கைதிகள் பெக்கெட்டின் அந்த நாடகத்தைப் பார்த்தார்கள். யார் கோடோ என்று மேடை சொல்லவில்லை; அவர்கள் தங்கள் காத்திருப்பை வைத்தே புரிந்துகொண்டார்கள்.

அடுத்த நாள் படச்சட்டங்களைக் கழற்றினோம். அம்மாவின் கதையைத் தனி ஆற்றுகையாகச் செய்யலாமா என்று அவரிடமே கேட்டேன். செய்யலாம் என்றார். மகனின் பெயரை மட்டும் மாற்றக் கூடாதாம்.