வெந்நீர் ஊற்றினால் பேட்டரி டெர்மினல் சுத்தமாகிவிடாது

செல்ஃப் எடுக்கவில்லை என்று புதிய பேட்டரி மாற்றிய பிறகும் கிளம்பாமல், கட்டி இழுத்துக்கொண்டு வரப்படும் கார்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். அண்மையில் வந்த காரிலும் அதே கதைதான். பேட்டரி புத்தம் புதியது, மல்டிமீட்டர் 12.6 வோல்ட் காட்டியது. ஆனால் கேபிளின் நுனியில் இருக்கும் பழைய கிளாம்பை யாரும் தேய்க்காமல் அப்படியே புதிய பேட்டரியின் முனையில் (டெர்மினலில்) மாட்டியிருந்தார்கள். அதன் வெளிப்புறம் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. முனையைக் கவ்வும் உட்புறத்தில் மட்டும் கரும்பழுப்பாக ஒரு படலம் படிந்திருந்தது. அதை வயர் பிரஷால் தேய்த்து மாட்டியதும் வண்டி கிளம்பிவிட்டது.

டெர்மினலில் உப்புப் பூப்பதற்குக் காரணம் பேட்டரியிலிருந்து வெளியேறும் கந்தக அமிலம் என்பது பலருக்கும் தெரியும். ஈயத்தைத் தாக்கினால் வெள்ளையாகவும், செம்பைத் தாக்கினால் நீலம் கலந்த பச்சையாகவும் பூக்கும். தெரியாதது, கண்ணுக்குத் தெரியும் அந்தப் பூவைவிட, முனைக்கும் கிளாம்புக்கும் நடுவே கண்ணில் படாமல் இருக்கும் படலம்தான் மின்சாரத்தைத் தடுக்கிறது என்பது. கிளாம்பைக் கழற்றாமல் மேலே வெந்நீரோ குளிர்பானமோ ஊற்றுகிறவர்கள் பூவை மட்டும்தான் கரைக்கிறார்கள். படலம் இருந்த இடத்தில் இருக்கிறது. கரைந்த அமில நீர் கீழே வழிந்து பேட்டரித் தட்டையும் அதைச் சுற்றியுள்ள இரும்பையும் அரிக்கத் தொடங்குகிறது.

இதைச் சொன்னால், "ஹெட்லைட் நன்றாகத்தானே எரிகிறது, டெர்மினலில் என்ன கோளாறு இருக்க முடியும்?" என்று உடனே கேட்பார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே என் குரல் தேய்ந்துவிட்டது. கணக்கைப் பாருங்கள். இணைப்பில் 0.02 ஓம் தடை சேர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். விளக்குகள் 10 ஆம்பியர் எடுக்கும்போது அந்தத் தடையில் வீணாவது 0.2 வோல்ட், விளக்கின் வெளிச்சத்தில் வேறுபாடே தெரியாது. செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் கேட்கும்போது அதே தடையில் 3 வோல்ட் காணாமல் போகும். 'டக்' என்ற சத்தத்தோடு நின்றுவிடும். ஆகவே விளக்கு எரிவதை வைத்து இணைப்புக்கு நற்சான்று தராதீர்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் ஈய முனையிலும் மற்றொன்றை அதே பக்கத்துக் கிளாம்பிலும் வைத்துக்கொண்டு, வேறொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன் கிளாம்பைக் கழற்றுங்கள்.

கழற்றும்போது எஞ்சின் நின்றிருக்க வேண்டும், சாவியை அணைத்திருக்க வேண்டும், கண்ணாடியும் கையுறையும் அணிந்திருக்க வேண்டும், மோதிரமும் கைக்கடிகாரமும் கழற்றியிருக்க வேண்டும். முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ். மாட்டும்போது முதலில் பாசிட்டிவ். இந்த வரிசையை மாற்றினால், பாசிட்டிவைக் கழற்றும் ஸ்பேனர், நெகட்டிவோடு இணைந்திருக்கும் பாடியில் பட்ட மாத்திரத்தில் பொறி பறக்கும். அங்கே ஹைட்ரஜன் தேங்கியிருக்கலாம் என்பதால் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டைனமோ வேலை செய்கிறதா என்று பார்க்க, ஓடும் எஞ்சினில் கிளாம்பை உருவும் பழைய வித்தையையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இன்றைய கார்களில் அது கம்ப்யூட்டரையே காவு வாங்கிவிடும்.

உப்பை உலர்ந்த நிலையில் சுரண்டி ஊதக் கூடாது, அதில் ஈயம் இருக்கிறது. ஒரு குவளை நீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடாவைக் கலந்து தடவினால் நுரைக்கும். நுரைப்பது நிற்கும்வரை தடவி, நல்ல நீரால் கழுவித் துடையுங்கள். செல் மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும், சோடா உள்ளே போனால் அமிலம் கெட்டுவிடும். அதன் பிறகு முனையையும் கிளாம்பின் உட்புறத்தையும் ஈயம் மின்னும்வரை தேய்த்து, கையால் திருகினால் அசையாத அளவுக்கு முடுக்கி, கடைசியாக வெளிப்புறத்தில் பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லியதாகப் பூசுங்கள். கிளாம்ப் இறங்கவில்லை என்று சுத்தியலால் தட்டுகிறவர்களை என்ன சொல்வது! முனையின் அடியில் உள்ள அடைப்பு விரிசல் விட்டு, அமிலம் கசிய அதுவே வழியாகிவிடும்.

பராமரிப்பு தேவையில்லாத பேட்டரி என்ற பெயரை நம்பி பானெட்டைத் திறந்தே பார்க்காதவர்களும் உண்டு. அந்தப் பெயர் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை என்பதற்காக மட்டுமே வந்தது. டெர்மினலைப் பார்க்க வேண்டியதில்லை என்று அதற்குப் பொருளில்லை.

சுத்தம் செய்த சில வாரங்களிலேயே மறுபடி பூத்தால், மறுபடி தேய்ப்பது வீண் வேலை. டிஸ்டில்ட் வாட்டர் அளவுக்கு மேல் நிற்கிறதா, பேட்டரியைப் பிடிக்கும் பட்டை தளர்ந்து ஆடுகிறதா, முனையடியில் ஈரம் தெரிகிறதா, எஞ்சின் ஓடும்போது சார்ஜ் 15 வோல்ட்டைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். கேபிளையும் அமுக்கிப் பாருங்கள். கிளாம்புக்கு அருகே உறை உப்பி விறைத்திருந்தால், செம்பு இழைகளுக்குள் பச்சை ஏறிவிட்டது என்று பொருள். அதைத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது, கேபிளையே மாற்ற வேண்டும். அப்படி மாற்றும்போது எர்த் கேபிள் (நெகட்டிவ் கேபிள்) பாடியிலும் எஞ்சினிலும் முடுக்கப்பட்டிருக்கும் மறுமுனைகளையும் கழற்றித் தேய்த்துவிடுங்கள்.