மேப் சென்சார்: சொல் விளக்கம்

‘மேப்’ என்றதும் வரைபடம் நினைவுக்கு வந்தால் தவறில்லை. எனக்கும் முதலில் அப்படித்தான் வந்தது. மேனிஃபோல்ட், அப்சொல்யூட், பிரஷர் என்ற மூன்று சொற்களின் முதலெழுத்துகள் அவை. சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாயில் அழுத்தம் எவ்வளவு என்று இன்ஜின் கணினிக்கு வோல்ட் கணக்கில் சொல்கிற சின்னக் கருவி இது.

மேனிஃபோல்ட் பழைய ஆங்கிலச் சொல். பல மடங்கு என்று பொருள். சென்சார், ‘உணர்’ என்று பொருள்படும் லத்தீன் வினைச்சொல்லின் வழி வந்தது. அதற்கு ‘உணரி’ ஏற்கெனவே நிலைத்துவிட்டது. ஒலிபெருக்கி, பூச்சிக்கொல்லி போல வினையோடு இகரம் சேர்ந்த அழகான ஆக்கம்.

சூட்சுமம் எல்லாம் நடுவில் இருக்கும் ‘அப்சொல்யூட்’டில்தான். லத்தீனில் ‘கட்டவிழ்ந்தது’ என்று பொருள். எந்தக் கட்டு? சுற்றியுள்ள காற்றின் அழுத்தம். டயர் அளவி வெளிக்காற்றைச் சுழியமாக வைத்துக்கொண்டு எண்ணும். இந்த உணரி வெற்றிடத்திலிருந்து எண்ணும். பாடநூல்களில் ‘தனி வெப்பநிலை’ என்கிறோமே, அதே தடத்தில் இது ‘தனி அழுத்தம்’. மேனிஃபோல்ட் இங்கே காற்றை உள்ளெடுக்கும் குழாய் என்பதால் அதற்கு ‘உள்ளெடுப்பு’. ஆக, முழுப் பெயர்: உள்ளெடுப்புத் தனி அழுத்த உணரி. நீளம்தான். ‘தனி அழுத்த உணரி’ என்றாலே போதும்.

பழுது பார்க்கவும் இந்தச் சொல்லே வழிகாட்டும். சாவியைத் திருப்புங்கள், இன்ஜினை ஓட்ட வேண்டாம். இன்ஜின் கணினியின் அளவுகளைப் படித்துக் காட்டும் ஸ்கேனரில் கடல்மட்டத்தில் சுமார் 100 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். சுழியம் அல்ல, ஏனென்றால் குழாய்க்குள் இருப்பதும் வெளிக்காற்றுதான். 2,000 மீட்டர் உயர மலையில் 80 காட்டினால் அது பழுதில்லை, உண்மை. கடல்மட்டத்தில் அதே 80 வந்தால் சந்தேகப்படலாம்.

அப்புறம் ஓட்டிப் பாருங்கள். பெட்ரோல் இன்ஜின் சும்மா ஓடும்போது பொதுவாக 30 முதல் 40 வரை இறங்கும். டர்போ காற்றைத் திணிக்கும்போது 100-ஐத் தாண்டும். டீசலில் சும்மா ஓடும்போதும் 100-ஐ ஒட்டியே நிற்கும், அதைக் கண்டு உணரியைக் கழற்ற வேண்டாம். ஓடாத இன்ஜினில் சரியாகக் காட்டிவிட்டு, வேகமெடுக்கும்போது மட்டும் அழுத்தம் ஏறவில்லை என்றால், முதலில் டர்போவின் ரப்பர் குழாய்களில் கசிவு பாருங்கள். உணரி பெரும்பாலும் உள்ளதைத்தான் சொல்கிறது.

ஓடாத இன்ஜினிலேயே தவறாகக் காட்டினால், இணைப்பில் 5 வோல்ட்டும் தரைக்கம்பியும் சரியா என்று மீட்டரில் பார்த்துவிட்டுக் கழற்றுங்கள். குழாய்க்குள் நீட்டியிருக்கும் உணரியின் மூக்கில் எண்ணெய்க்கரி அப்பி, துளையே அடைபட்டிருக்கலாம்.