பாராட்டும் திட்டும் போக மீதி

தலைமைப் பண்பு வகுப்புகளில் விளையாட்டுப் பயிற்சியாளர் என்றதும், இடைவேளையில் உடைமாற்றும் அறையில் நின்று உணர்ச்சி பொங்கப் பேசுகிற ஒருவர்தான் எல்லோர் நினைவுக்கும் வருவார். சினிமா பார்த்து வந்த பழக்கம் அது. நல்ல பயிற்சியாளர் மைதானத்தில் என்னென்ன பேசுகிறார் என்று உட்கார்ந்து எண்ணினால் கதை வேறு.

அப்படி எண்ணியும் பார்த்திருக்கிறார்கள். 1974-75 பருவத்தில் ரோலண்ட் தார்ப், ரோனால்ட் கல்லிமோர் என்ற இரண்டு உளவியலாளர்கள், லாஸ் ஏஞ்சலஸின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சியாளராக இருந்த ஜான் வுடனை 15 பயிற்சி வேளைகளில் கவனித்தார்கள். அவர் சொன்னதும் செய்துகாட்டியதுமாக 2,326 குறிப்புகள் சேர்ந்தன. அதில் பாதி, என்ன செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்ற நேரடித் தகவல். பாராட்டு சுமார் 7 சதவீதம். வெறும் திட்டு அதைவிடக் கொஞ்சம் குறைவு. 12 ஆண்டுகளில் 10 தேசியப் பட்டம் வாங்கித் தந்த மனிதரின் கணக்கு இது.

திட்டவே மாட்டார் என்பதில்லை. திட்டினால் அதே மூச்சில் சரியான முறையும் வந்துவிடும். தப்பாகச் செய்தவனை நிறுத்துவார், சரியாகச் செய்துகாட்டுவார், பிறகு அவன் செய்ததை அப்படியே செய்துகாட்டுவார், மறுபடி சரியானது. மொத்தமும் சில நொடிகள்தான், ஆட்டம் தொடர்ந்துவிடும். நம் அலுவலகங்களில் இது எப்படியோ 'முதலில் பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் பாராட்டு' என்ற சூத்திரமாகிவிட்டது. அதில் கேட்பவருக்கு எந்த முறை சரி என்று தெரிவதே இல்லை. பாராட்டு ஆரம்பித்ததுமே 'அடுத்து என்ன வரப்போகுதோ' என்று மனசு இறுகிவிடுகிறது.

வுடன் பருவத்தின் முதல் நாளில் சாக்ஸ் போடக் கற்றுக்கொடுப்பார் என்பது பலர் கேள்விப்பட்டதுதான். பெரும்பாலும் அதை அடக்கத்துக்கான பாடமாகச் சொல்கிறார்கள். அவருக்கு அது கொப்புளத்தைத் தடுக்கிற வேலை. குதிகாலிலும் சுண்டுவிரல் பக்கத்திலும் சாக்ஸில் சுருக்கம் இருக்கக் கூடாது, ஷூ கயிற்றை ஒவ்வொரு துளையிலும் இழுத்து இறுக்கி இரட்டை முடிச்சுப் போட வேண்டும். கொப்புளம் வந்தவன் பயிற்சியைத் தவறவிடுவான், முடிச்சு அவிழ்ந்தவன் ஆட்டத்தின் நடுவே குனிவான். சின்ன விஷயத்தைச் சொல்லும்போது அதன் காரணத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் ஆள் இல்லாத நேரத்திலும் அது நடக்கும்.

இனி நம் ஊர் மைதானங்களுக்குப் பழக்கமான வாலிபாலுக்கு வருவோம். ஒரு செட்டுக்கு ஓர் அணிக்கு இரண்டு டைம் அவுட், ஒவ்வொன்றும் 30 நொடி. கோர்ட்டிலிருந்து வந்து, தண்ணீர் குடித்து, திரும்பிப் போகிற நேரம் கழித்தால் பேசக் கிடைப்பது 15 அல்லது 20 நொடிதான். அனுபவமில்லாத பயிற்சியாளர் இதற்குள் ஆறு விஷயம் சொல்வார்: சர்வீஸை ஏன் விட்ட, பிளாக்குக்கு லேட்டா போற, சத்தம் போட்டு ஆடுங்கடா, கால அசை... திரும்பிப் போகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், எதுவும் தங்கியிருக்காது. விவரம் தெரிந்தவர் முதல் சில நொடி மூச்சு வாங்க விடுவார். பிறகு எதிரணி பற்றி ஒன்று: "ரெண்டாம் நம்பர் நேரா அடிக்கிறான், லைன மூடுங்க." நம் அணிக்கு ஒன்று: "சர்வீஸ் ஒன்னாம் இடத்துக்கே (எதிரணி கோர்ட்டின் வலப்பக்கப் பின்மூலை) போகட்டும்." அவ்வளவுதான். இன்னொன்று, எதிரணியின் சர்வர் தொடர்ந்து பாயிண்ட் எடுக்கும்போது அவர் ஓட்டத்தை உடைப்பதற்காகவே டைம் அவுட் கேட்பதுண்டு. அப்போது எதுவும் பேசாமல் அனுப்பினாலும் குறைவில்லை. பேச வாய்ப்புக் கிடைத்த ஒவ்வொரு முறையும் பேசித் தீர வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை.

சொல்லும் முறையிலும் ஒன்று இருக்கிறது. உடலின் அசைவைக் கவனி என்று சொல்வதைவிட, அசைவின் விளைவைக் கவனி என்று சொன்னால் திறன் வேகமாகப் படிகிறது என்பதை உடலசைவுத் திறன்களை ஆராயும் காப்ரியேலே வுல்ஃப் 1990களின் கடைசியிலிருந்து பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். "முழங்கைய மடக்காத" என்றால் பையன் முழங்கையையே நினைத்துக்கொண்டு பந்தை விடுவான். "பந்து செட்டர் (அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர்) தலைக்கு மேல போகணும்" என்றால் கை தானாகச் சரியாகும். அலுவலகத்தில் "கவனமா இரு" என்பது இதைவிட மோசம், அதில் அசைவும் இல்லை, விளைவும் இல்லை. "பில் தொகையும் ஆர்டர் தொகையும் ஒத்துப்போன பிறகு அனுப்பு" என்றால் புதிதாக வந்தவருக்கும் புரியும்.

தண்டனை பற்றி நம் ஊரில் மாறாமல் நிற்கும் ஒரு கெட்ட பழக்கம், தாமதமாக வந்தவனை 'பத்து ரவுண்டு ஓடு' என்று விரட்டுவது. ஓட்டம் ஆட்டத்துக்கு வேண்டிய அடிப்படை. அதைத் தண்டனையாக்கினால் அதன் மேல் வெறுப்பு வளரும். இதே தவறை மேலாளர்களும் செய்கிறார்கள்: கோபம் வந்தால் அறிக்கை எழுதச் சொல்வது, வாடிக்கையாளர் புகார்களைத் தலையில் கட்டுவது. பிறகு அந்த வேலையை யாரும் மனசோடு செய்வதில்லை என்று புலம்பல் வேறு.

பாராட்டு வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. உச்சத்தில் ஆடும் கல்லூரி வீரர்களுக்கும் பத்து வயதுக் குழந்தைக்கும் ஒரே அளவு பொருந்தாது. அமெரிக்காவில் ரொனால்ட் ஸ்மித், ஃபிராங்க் ஸ்மால் என்ற உளவியலாளர்களின் குழுவினர் சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்களுக்குச் சில மணி நேர வகுப்பு நடத்தினார்கள். முயற்சியைக் கவனித்துச் சொல், தவறு நடந்த உடனே தைரியம் கொடுத்துத் திருத்து, பயமுறுத்தாதே என்பதுதான் பாடம். 1992இல் வெளியான முடிவில், வகுப்புக்கு வராத பயிற்சியாளர்களிடம் ஆடிய சிறுவர்களில் 26 சதவீதம் அடுத்த ஆண்டு திரும்பவில்லை. வகுப்புக்கு வந்தவர்களிடம் அது 5 சதவீதம். அணிகளின் வெற்றி தோல்விக் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆள் நிற்பதில்லை என்று சம்பளத்தை மட்டும் குறை சொல்கிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் ஒரு முறை பார்க்கலாம்.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி. உங்கள் குழுவில் இல்லாத, கூச்சப்படாத ஒருவரைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் ஓரமாக உட்காரச் சொல்லுங்கள். அவர் கையில் ஒரு தாள், இடப்பக்கம் குழுவினர் பெயர், மேலே நான்கு கட்டம்: தகவல், பாராட்டு, திட்டு, வெறும் உசுப்பேற்றல். நீங்கள் வாய் திறக்கும்போதெல்லாம் ஒரு கோடு. கட்டங்களின் விகிதத்தைவிடப் பெயர்களின் வரிசைதான் பெரும்பாலும் அதிர்ச்சி தரும். சிறந்த இரண்டு பேரிடமும் மிக மோசமான ஒருவரிடமும் மட்டுமே பேசியிருக்கலாம், நடுவில் இருப்பவர்களுக்கு ஒரு கோடுகூட விழாமல் போயிருக்கலாம். இதைத் தெரிந்துகொண்டே செய்வதால் முதல் தடவை கொஞ்சம் நடிப்பு கலந்திருக்கும். அதனால் மாதம் ஒரு முறை திரும்பச் செய்ய வேண்டும்.

விளையாட்டிலிருந்து அப்படியே எடுத்துப் போக முடியாத ஒன்றும் உண்டு. வுடன் போட்டி நாளில் சுருட்டிய தாளைக் கையில் பிடித்து பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார் (நடுவர்களிடம் வாய் கொடுக்காமல் இருந்தார் என்று யாரும் சொல்லவில்லை). அப்படி உட்கார முடிந்ததற்குக் காரணம், வாரம் முழுக்கப் பயிற்சி முடிந்திருந்தது. அலுவலகத்தில் தினமும் போட்டி நாள், பயிற்சி நாளே கிடையாது. வாடிக்கையாளர் முன்னால்தான் புதியவர் முதல் தடவையாக விலை பேசுகிறார். வாரத்தில் 20 நிமிடம் ஒதுக்கி, வரப்போகிற ஒரு கடினமான அழைப்பை இரண்டு பேர் பேசிப் பார்க்கட்டும். ஒருவர் வாடிக்கையாளராக நடிக்கட்டும், சிக்கின இடத்தில் நிறுத்தி அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மாற்றி மூன்று முறை சொல்லட்டும். முழு அழைப்பையும் முதலிலிருந்து ஓட்ட வேண்டாம், நேரம்தான் போகும்.