ஸ்தோத்திரம்: துதியா, நன்றியா?

வடமொழியில் ‘ஸ்து’ என்ற வேருக்குப் புகழ்தல் என்று பொருள். ஸ்துதி, ஸ்தோத்திரம் இரண்டும் அதிலிருந்து வந்தவை. தமிழில் துதி, தோத்திரம் ஆயின. சைவர் பன்னிரு திருமுறையைத் தோத்திரம் என்பதும் இப்பொருளில்தான். ஆக, பிறப்பால் இது புகழ்ச்சிச் சொல்.

இதில் நன்றியை ஏற்றியது வேதாகம மொழிபெயர்ப்பு. கிரேக்கத்தில் ‘யூகரிஸ்தியோ’ என்றால் நன்றி கூறுதல். இயேசு அப்பத்தை எடுத்தபோது செய்தது அதுதான். பழைய மொழிபெயர்ப்பில் அது ‘ஸ்தோத்திரம்பண்ணி’ (1 கொரிந்தியர் 11:24). 1 தெசலோனிக்கேயர் 5:18-இல் ‘ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்’ என்றிருந்ததை 1995-இல் வந்த திருவிவிலியம் ‘நன்றி கூறுங்கள்’ என்று தெளிவாக்கியது. திருவிருந்துக்குக் கத்தோலிக்கர் வழங்கும் நற்கருணை என்ற பெயரும் இதே கிரேக்கச் சொல்லின் வழி வந்ததே: ‘யூ’ நல்ல, ‘காரிஸ்’ கருணை. உறுப்புகள் சரியாக வந்தன, நன்றி என்ற பொருள் மறைந்துவிட்டது. பெரிய இழப்பு அது.

எபிரெயர் 13:15-இன் ‘ஸ்தோத்திரபலி’ வேறு. அங்கே கிரேக்கச் சொல்லுக்குப் புகழ்ச்சி என்றே பொருள். அதன் பின்னால் நிற்பது லேவியராகமம் 7-இன் ‘தோதா’ பலி. எபிரேயத்தில் அந்தச் சொல் நன்றி, புகழ் இரண்டையும் தாங்கும். இந்தப் பலியில் எண்ணெயில் பிசைந்த புளிப்பில்லாத பண்டங்களோடு புளித்த அப்பமும் படைக்க வேண்டும். பொருத்தனைப் (நேர்ச்சை) பலியின் இறைச்சியை மறுநாளும் உண்ணலாம். தோதா இறைச்சியை அன்றைக்கே உண்டு தீர்க்க வேண்டும், விடியும்வரை மிச்சம் வைக்கக் கூடாது. ஒரு வீட்டாரால் முழு ஆட்டை ஒரே நாளில் தீர்க்க முடியுமா? நாலு பேரைக் கூப்பிட்டுத்தான் ஆகவேண்டும். நெல்லைப் பக்கத்து ஸ்தோத்திரப் பண்டிகையில் அசனம் (பொது விருந்து) போடுவதும் இந்த மனப்பாங்குக்குப் பொருந்துவதே.

நேர் தமிழ்ச் சொல் வேண்டுமானால் பொருளைப் பிரித்துக்கொள்ளுங்கள். கடவுள் யார் என்று சொல்லும் இடத்தில் புகழ்ச்சி. அவர் செய்ததைச் சொல்லும் இடத்தில் நன்றி. குறளின் செய்ந்நன்றி அறிதல் அதிகாரத்தில் ‘நன்றி’ என்பது ஒருவர் செய்த நன்மையைக் குறிக்கும். அதை உணர்வது நன்றியறிதல். நன்றிப்பலி, நன்றிக் காணிக்கை எல்லாம் இயல்பாக அமைகின்றன. கத்தோலிக்கத் திருப்பலியில் முதல் வாசகம் முடிந்ததும் ‘இறைவா உமக்கு நன்றி’ என்கிறார்கள்.

ஸ்தோத்திரக் காணிக்கை உறையில் அடிக்கடி நேரும் பிழை ஒன்று: ‘மகனுக்கு வேலை கிடைக்க’ என்று எழுதிவிடுகிறார்கள். அது விண்ணப்பம். கிடைத்தால் தருவேன் என்பது பொருத்தனை. நன்றிக் காணிக்கையில், பெற்றுக்கொண்ட நன்மை இன்னதென்று ஒரு வரியில் எழுத வேண்டும்.