ஷெல் ஸ்கிரிப்டுக்குள் என்ன நடக்கிறது?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். சாம்பிள் பீஸ்களின் போட்டோக்களை மெமரி கார்டிலிருந்து இறக்கி, ஸ்டைல் நம்பர் போட்டுப் பெயர் மாற்றி, பேக்கப் டிஸ்க்கில் ஒரு நகல் வைத்துவிட்டு, கார்டைக் காலி செய்ய வேண்டும். இதைத் தினமும் ஒருவர் உட்கார்ந்து கையால் செய்வது வீண். லினக்ஸ் கணினியில் பத்துப் பதினைந்து வரி ஷெல் ஸ்கிரிப்ட் போதும்.

ஸ்கிரிப்ட் வெறும் டெக்ஸ்ட் ஃபைல்தான். டெர்மினல் என்னும் கட்டளைத் திரையில் தட்டும் அதே கட்டளைகள் அதில் வரிசையாக இருக்கும். அவற்றைப் படித்து ஓட்டும் நிரல் (புரோகிராம்) தான் ஷெல். அது ஒரு வரியைப் படித்துச் சொற்களாகப் பிரிக்கும். நட்சத்திரக் குறி இருந்தால், பொருந்துகிற ஃபைல் பெயர்களை அங்கே நிரப்பும். நகலெடுக்கும் நிரலுக்கு நட்சத்திரம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதன் கைக்குப் போவது பெயர்ப் பட்டியல் மட்டுமே. ‘போலோ சட்டை 12’ என்ற பெயரை ஒரு மாறியில், அதாவது மதிப்பைப் போட்டு வைக்கும் பெயரிட்ட இடத்தில் வைத்து, அந்த மாறியை மேற்கோள் குறி இல்லாமல் எழுதினால், ஷெல் அதை மூன்று தனிப் பெயர்களாக எடுத்துக்கொள்ளும். ஆகவே மாறிகளை எப்போதும் இரட்டை மேற்கோளுக்குள் எழுதுங்கள்.

அப்புறம் ஷெல் தன்னையே ஒரு பிரதி எடுக்கும். அந்தப் பிரதி நாம் கேட்ட நிரலாக மாறி ஓடும், ஷெல் காத்திருக்கும். நிரல் முடிந்ததும் ஓர் எண் வரும். 0 என்றால் வேலை நல்லபடியாக முடிந்தது, வேறு எண் என்றால் கோளாறு. ஸ்கிரிப்டில் இதைவிட முக்கியமானது எதுவும் இல்லை என்பேன். நகலெடுத்த நிரல் 0 தந்தால் மட்டுமே கார்டை அழிக்கும்படி எழுத வேண்டும்.

ஒரு நிரல் தருவதை அடுத்த நிரலுக்கு ஊட்டி, நிரல்களைக் கோத்துவிடும் பைப் வசதி பெல் லேப்ஸ் ஆய்வாளர் டக் மெக்கில்ராயின் யோசனை. 1973இல், லினக்ஸுக்கு முன்மாதிரியான யுனிக்ஸ் இயங்குதளத்தில் வந்தது. ஈரோட்டு மஞ்சள் விலைப் பட்டியலில் ஒரு நிரல் விரலி மஞ்சள் வரிகளைப் பொறுக்கித் தர, அடுத்தது விலைப்படி அடுக்கும். கோவை மில்லில் கார்டிங்குக்கும் டிராயிங்குக்கும் நடுவே பஞ்சுத் திரி சேரும் ஸ்லைவர் கேன் நிற்பதுபோல, இரண்டுக்கும் நடுவே நினைவகத்தில் ஓர் இடம் உண்டு, லினக்ஸில் வழக்கமாக 64 கிலோபைட். அது நிரம்பினால் முன்னது நிற்கும், காலியானால் பின்னது காத்திருக்கும்.

ஸ்கிரிப்டைக் குறித்த நேரத்தில் தானாக ஓட வைக்கும் நிரல் கிரான். ‘30 20 * * 1-6’ என்று (நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்ற வரிசையில்; நட்சத்திரம் என்றால் எதுவானாலும்) எழுதினால் திங்கள் முதல் சனி வரை இரவு 8.30க்கு ஓடும். அந்த நேரத்தில் பவர் ஷட்டவுன் என்றால் அன்றைய வேலை விட்டுப்போகும். சாதாரண கிரான் பிறகு அதைத் திரும்ப எடுத்துச் செய்யாது. விட்டதைப் பிடிக்க அனாக்ரான் இருக்கிறது.