44 ரேடியன் எங்கே போய் நிற்கும்?

கால்குலேட்டரை ரேடியன் முறைக்கு மாற்றிவிட்டு சைன் 44 போட்டுப் பாருங்கள். 0.0177 என்று வரும், கிட்டத்தட்ட பூஜ்ஜியம். பக்கத்து எண்களான 43-க்கும் 45-க்கும் இப்படி வராது. 44-க்கு மட்டும் என்ன?

கோணம் என்பது ஒரு கதிர் எவ்வளவு சுற்றியது என்பதன் அளவு. கடைசியில் எங்கே நின்றது என்பது வேறு கேள்வி. கடிகாரத்தில் நிமிட முள் 12-ல் நிற்கிறது. வந்தது ஒரு சுற்றா, ஐந்து சுற்றா என்று முள்ளைப் பார்த்துச் சொல்ல முடியாது. இப்படி ஒரே இடத்தில் வந்து நிற்கும் கோணங்களுக்கு சைன், கொசைன் மதிப்புகளும் ஒன்றாகவே இருக்கும். அதனால் பெரிய கோணம் கொடுத்தால் முழுச் சுற்றுகளைத் தள்ளிவிட்டு மிச்சத்தை மட்டும் பார்த்தால் போதும்.

ரேடியனில் ஒரு முழுச் சுற்று எவ்வளவு? ஆரத்தின் நீளத்துக்கு ஒரு நூலை வெட்டி வட்டத்தின் விளிம்பில் ஒட்டினால், அது மையத்தில் தாங்கும் கோணம் 1 ரேடியன், ஏறத்தாழ 57.3 டிகிரி. விளிம்பு முழுவதும் ஒட்ட 2π நூல்கள் வேண்டும், அதாவது 6.283 சொச்சம். ஆக, கழிக்க வேண்டியது 2π.

29π/6-ஐ எடுத்துக்கொள்வோம். 2π என்பது 12π/6. அப்படியானால் 29-ல் 12 எத்தனை முறை? இரண்டு முறை, மீதி 5. விடை 5π/6, அவ்வளவுதான். பகுதியை இரட்டித்து, அதால் தொகுதியை வகுத்து மீதியை எடுக்கிறோம். எதிர்க் கோணம் என்றால் கழிப்பதற்குப் பதில் கூட்ட வேண்டும்: −23π/3 என்றால் 6π/3-ஐ நான்கு முறை கூட்ட, π/3 கிடைக்கும். பலர் சறுக்குவது, 2π-க்குப் பதில் π-ஐக் கழித்துவிடுவதில். அது அரைச் சுற்று. கதிர் நேர் எதிர்ப்பக்கம் போய் நின்றுவிடும்.

சரி, 44-க்கு வருவோம். ஏழு முழுச் சுற்று 14π, அதாவது 43.9823. மீதி 0.0177 தான். π-க்கு 22/7 என்று பள்ளியில் போட்டோமே, அதே விஷயம்தான் இங்கே வேறு வேஷத்தில் வந்திருக்கிறது: 22/7-ஐ இரட்டித்தால் 44/7. அதைவிட நெருக்கமான 355/113-ஐ 5-ஆம் நூற்றாண்டிலேயே சீனாவின் சூ சோங்ஷி கொடுத்திருந்தார். அப்படியானால் 710 ரேடியன் இன்னும் நெருங்க வேண்டும் அல்லவா? நெருங்குகிறது. 113 சுற்று போக மிச்சம் 0.00006.

ஆனால் 0-ஐத் தவிர எந்த முழு எண்ணும் சரியாகப் பூஜ்ஜியத்தில் போய் நிற்காது. நின்றால் π ஒரு பின்னமாகிவிடும். அது பின்னமல்ல என்று 1760-களில் லாம்பர்ட் நிரூபித்துவிட்டார். டிகிரியில் 30-ம் 390-ம் ஒரே இடத்தில் நிற்கும். ரேடியனில் இரண்டு வெவ்வேறு முழு எண்கள் அப்படிச் சேர்ந்து நிற்கவே முடியாது.