உயிர்ப் பாதுகாப்பா, கிருமிக்காப்பா?

மண்டபம் ஊர்ப் பக்கம் ஒரு சோதனைக்கூடம். இறால், கடல்நீர், பாசி என்று எது வந்தாலும் கிருமி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிற இடம். உள்ளறைக் கதவில் கிருமி ஆபத்தைக் குறிக்கும், பிறைகள் கோத்த அந்த ஆரஞ்சுச் சின்னம். அதன் கீழே கொட்டை எழுத்தில் 'உயிர்ப் பாதுகாப்பு அறை'. பாசி மாதிரி கொண்டுவந்த பாம்பன் அக்கா ஒருவர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "தம்பி, லைஃப் ஜாக்கெட்டு இங்கதான் குடுக்குறாகளா?"

கடலுக்குப் போகிற ஊரில் உயிர்ப் பாதுகாப்பு என்றால் வேறென்ன நினைப்பார்கள்? தப்பு அவருடையது இல்லை.

மூலச்சொல் பயோசேஃப்டி. 'பயாஸ்' கிரேக்கத்தில் உயிர், வாழ்க்கை. 'சேஃப்' லத்தீன் 'சல்வுஸ்' வழி வந்தது, ஊறில்லாதது என்று பொருள். இரண்டையும் ஒட்டினால் உயிர்ப் பாதுகாப்பு வந்துவிடும்; மொழிபெயர்ப்பாளருக்கு வேலை முடிந்தது. ஆனால் அந்தச் சொல் குறிப்பது வேறு. கிருமியோ ரத்தமோ திசுவோ நச்சோ, அது வேலை செய்பவரைத் தொற்றாமலும், கைதவறி வெளியே போய்விடாமலும் பார்த்துக்கொள்ளும் முறைகளுக்குத்தான் அந்தப் பெயர். யாராவது வேண்டுமென்றே திருடிப் போகாமல் பூட்டிக் கணக்கு வைப்பது பயோசெக்யூரிட்டி. தமிழில் இரண்டுக்கும் அதே 'உயிர்ப் பாதுகாப்பு'!

போதாததற்கு இறால் குஞ்சு பொரிப்பக வாசலிலும் இதே பலகைதான். அங்கே பிளீச்சிங் பவுடர் கரைசலில் காலை நனைத்துவிட்டு உள்ளே போகிறோம். வெண்புள்ளி நோய் நம்மைத் தொடாது. நாம் கொண்டுபோய் இறாலுக்குக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக. அங்கே நம்மிடமிருந்து இறாலைக் காக்கிறோம், சோதனைக்கூடத்தில் கிருமியிடமிருந்து நம்மை. திசையே எதிரெதிர்.

இது வெறும் சொல்சண்டை என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எனக்குத் திருத்த வந்த பயிற்சிக் கையேட்டில் லேமினார் மேசைக்கும் பயோசேஃப்டி கேபினெட்டுக்கும் சேர்த்து 'உயிர்ப் பாதுகாப்புப் பெட்டகம்' என்று போட்டிருந்தார்கள். பெயரே நகைக்கடை லாக்கர் மாதிரி இருக்கிறது. அதைக்கூட விட்டுவிடலாம். நெடுக்காக வீசும் லேமினார் மேசையில் வடிகட்டிய காற்று உள்ளிருந்து நம் முகத்தைப் பார்த்து வரும். மாதிரி கெடாது, அவ்வளவுதான். கேபினெட்டில் முன்பக்கக் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும், வெளியே விடுவதையும் வடிகட்டியே விடும். விப்ரியோ என்கிற பாக்டீரியா வளர்ந்த தட்டை முதல் மேசையில் திறந்து கிளறினால், கிளம்புகிற நுண்துளி நேராக மூக்குக்கு. கையேட்டை நம்பிய பையன் 'பாதுகாப்புப் பெட்டகம்தானே' என்று அங்கே போய் உட்கார மாட்டானா?

சோதனைக்கூடங்களுக்குத் தருகிற நிலை எண்ணும் அப்படித்தான். 'உயிர்ப் பாதுகாப்பு நிலை 4' என்றால் ஏதோ முதல் தரப் பத்திரமான இடம்போலக் கேட்கிறது. எண் ஏற ஏறக் கிருமியும் கொடியது, கட்டுப்பாடும் இறுக்கம். புனேயில் தேசிய நச்சுயிரியல் நிறுவனத்தில் இருக்கிற அந்த 4ஆம் நிலைக்கூடத்தில் கையாள்வது மிகக் கொடிய வைரஸ்களை.

சரி, என்ன சொல் வைக்கலாம்? கொசுவலையையும் மீன்வலையையும் பாருங்கள். வலை ஒன்றுதான், முன்னால் நிற்கிற சொல்தான் அது எதற்கென்று சொல்கிறது. காப்பும் அதுபோலத்தான். அஞ்சத்தக்கது முன்னால் நின்றால் அதனிடமிருந்து காப்பு. அருமையானது நின்றால் அதற்கே காப்பு. உயிருக்கு யாரும் அஞ்சுவதில்லை, கிருமிக்கு அஞ்சுவார்கள். ஆகவே என் ஓட்டு 'கிருமிக்காப்பு'.

காப்பு என்பதில் அடக்கிவைக்கும் பொருளும் இருக்கிறது. நாகாக்க என்றால் நாவுக்குப் பூட்டு வாங்குவதா? மாரியம்மன் கோயில் முளைப்பாரிக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஊரை விட்டுப் போய் வெளியில் தங்கக் கூடாது என்பார்கள். உள்ளே இருப்பது உள்ளேயே. சோதனைக்கூடத்தில் செய்வதும் அதுதானே.

கிருமி அல்லாதவையும் உண்டே என்று புலவர்கள் கேட்பார்கள். நியாயம்தான். பயோசேஃப்டிக்கென்று 2000இல் நாடுகள் ஏற்ற கார்ட்டஹேனா நெறிமுறை மரபணு மாற்றிய உயிரிகளைப் பற்றியது. அந்த மாதிரிச் சட்ட வாசகங்களில் 'உயிரித் தீங்குக் காப்பு' என்று நீட்டிக்கொள்ளுங்கள். வெறும் 'உயிரிக்காப்பு' வேண்டாம். மன்னார் வளைகுடாவில் அதைப் படிப்பவர் ஆவுளியாவை, அதாவது கடல்பசுவை, காப்பாற்றுவதாக நினைப்பார். திருட்டுக்கும் பொரிப்பக வாசலுக்கும் 'காவல்' போதும்: கிருமிக் காவல், நோய்க் காவல்.

கையேட்டில் திருத்திக் கொடுத்தேன். அச்சாகி வந்தபோது பழையபடி உயிர்ப் பாதுகாப்பு. கேட்டால், "அகராதியில அப்படித்தான் சார் இருக்கு." அகராதியில் ஏற்றியவரும் இன்னொரு கையேட்டைப் பார்த்துத்தான் ஏற்றியிருப்பார்.

போன மாதம் போனபோது, பலகைக்குக் கீழே ஆய்வக உதவியாளர் ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தார்: 'உள்ளே கிருமி. கேட்காமல் வராதீர்கள்.' பாம்பன் அக்கா அதைப் படித்துவிட்டுக் கூடையை வாசலிலேயே இறக்கினார்.